தண்ணீர் போன பிறகு

"என்னக்கா, வெறுந் தண்ணியப் போயிப் படம் புடிக்கிய?"

தூத்துக்குடிப் பக்கம், முள்ளக்காட்டைத் தாண்டிப் பழையகாயலுக்குப் போகும் வழியில் ஓர் உப்பளத்து வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். மாசி மாதம், காலை ஆறரை மணி இருக்கும். நீளக் கம்பில் பொருத்திய பலகையைத் தோளில் சாய்த்தபடி வந்த ஒரு பெண் நின்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. எனக்கு முன்னால் பறவை இல்லை, படகு இல்லை, ஆள் இல்லை. கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர், அதன் அடியில் அப்போதுதான் கட்டத் தொடங்கியிருந்த உப்பின் மெல்லிய ஆடை, அவ்வளவுதான்.

"தண்ணி போனப்புறம் என்ன இருக்கும்னு பாக்கேன்" என்றேன்.

"தண்ணி போனா உப்பு. வேற என்ன இருக்கும்?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அது நடந்து எட்டு வருடம் ஆகிறது. இந்த எட்டு வருடத்தில் நான் எடுத்த படங்களும் வரைந்த ஓவியங்களும் எல்லாமே அந்தச் சிறிய உரையாடலின் தொடர்ச்சிதான். எனக்கு இவ்வளவு சந்தோஷத்தைத் தரும் ஒரு காரியத்தைப் பற்றி ஒருமுறையாவது நிதானமாக எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் தூத்துக்குடிக்காரி. அப்பா ஓர் உப்பளத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். அவருடைய மேசை இழுப்பறையில் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அடியில் ஈயக்குண்டு, மேலே ஒல்லியான கழுத்தில் கோடுகளும் எண்களும். தண்ணீரில் மிதக்கவிட்டால் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அது சொல்லிவிடும். கடல் தண்ணீர் ஏறத்தாழ 3 டிகிரி. வெயிலும் காற்றும் குடிக்கக் குடிக்க எண் ஏறிக்கொண்டே போகும். பாதி வழியில் ஜிப்சம் தனியாகப் பிரிந்து அடியில் படியும். 25-ஐத் தொடும்போது உப்பு கட்டத் தொடங்கும். 29, 30-ஐத் தாண்டவிட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசந்துபோகும். அதற்கு முன்பே மிச்சத் தண்ணீரைத் திறந்து வெளியே விட்டுவிட வேண்டும். பள்ளிக்கூட விடுமுறையில் அப்பாவோடு போகும்போது வரப்பிலிருந்து பாத்திக்குள் கால் வைத்தால் திட்டுவார். "இருபத்தஞ்சு வர்ற வரைக்கும் பாத்திய ஒண்ணும் செய்யக்கூடாது. சும்மா கெடக்க விடணும்" என்பார். அந்தச் 'சும்மா' என்ற சொல்லின் கனம் எனக்கு ஐம்பது வயதுக்குப் பிறகுதான் புரிந்தது.

துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் 27 வருடம் கணக்கு எழுதினேன். மகன் புதிய கேமரா வாங்கியபோது பழையதை என்னிடம் கொடுத்தான். முதல் ஒரு வருடம் எல்லாரும் எடுப்பதைத்தான் நானும் எடுத்தேன். சூரிய உதயம், மீன்பிடிப் படகு, பூநாரைக் கூட்டம். பறவைப் படங்களில் நிறையக் கற்றுக்கொண்டேன் என்பது உண்மை. எங்கள் திருநெல்வேலிச் சீமையில் 1912-இல் பிறந்த மா. கிருஷ்ணன் எடுத்த கறுப்பு வெள்ளைக் காட்டுயிர்ப் படங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தனக்கென ஒரு கேமராவைக் கட்டி அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்தவர் அவர். யானைக்குக் கொடுத்த அதே மரியாதையை வீட்டுப் பின்புறத்து அணிலுக்கும் கொடுத்தவர். 1950-இல் தொடங்கிய ஆங்கிலப் பத்தியை 1996-இல் இறக்கும் வரைக்கும் விடாமல் எழுதினார். பொறுமைக்கு அவர்தான் எனக்கு வாத்தியார்.

ஆனாலும் என் படங்கள் என்னிடம் தங்கவில்லை. அழகாக இருந்தன, பார்த்தேன், மறந்தேன். ஒரு படத்தைப் பார்த்ததும் மனசு 'பூநாரை' என்று சொல்லிவிடுகிறது. சொன்ன மறு நொடியே கண் வேலையை முடித்துக்கொள்கிறது.

திருப்பம் ஒரு தவறால் வந்தது. மேலே சொன்ன அந்த மாசிக் காலைக்கு ஒரு வாரம் முன்பு, வரப்பில் கால் வழுக்கி, கேமரா கீழ்நோக்கிச் சாய்ந்த நேரத்தில் விரல் பட்டு ஒரு படம் விழுந்துவிட்டது. வீட்டில் வந்து பார்த்தால், அதில் தொடுவானம் இல்லை. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு பரப்பு, அதன் குறுக்கே சாம்பலும் வெள்ளையுமாக ஒரு கோடு, ஒரு மூலையில் துருவின் நிறம். இது என்ன என்று எனக்கே பிடிபடவில்லை. அந்த ஒரு படத்தை அன்றிரவு அரை மணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் எந்தப் படத்தையும் நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

தொடுவானத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகிறது என்பதை நான் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டேன். நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் அதைச் செய்திருக்கிறார். ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் என்ற அமெரிக்கர் 1922-இல் தொடங்கி, பத்து வருடத்துக்கும் மேல், மேகங்களையே படமெடுத்தார். பெரும்பாலானவற்றில் தரை கிடையாது, மரம் கிடையாது. உள்ளங்கையில் அடங்கும் சின்னச் சின்னப் பிரதிகள். அவற்றுக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் 'சமானங்கள்' என்று சொல்லலாம். மேகம் எல்லாருக்கும் பொது, அதற்கு வரி கிடையாது, அதைக் கொண்டு என் மனசை உனக்குக் காட்ட முடியுமா பார்க்கிறேன் என்பதுதான் அவருடைய முயற்சி.

இதைப் படித்தபோது எனக்கு உள்ளுறை நினைவுக்கு வந்தது. சங்கப் பாட்டில் நாரையும் மீனும் அலையும் வரும். தலைவி தன் துக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். நாரை நிற்கும் விதத்திலேயே அது இருக்கும். நெய்தல் நிலத்துக்கு உரிய உணர்வு இரங்கல் என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். உப்பு வண்டி ஓட்டிய உமணர்கள் போன அதே நிலத்தில்தான் நான் வரப்பில் உட்கார்ந்திருக்கிறேன். நிலமும் மனசும் ஒன்றுக்கொன்று நிகராக நிற்க முடியும் என்பது நமக்குப் புதிய செய்தியே அல்ல. கேமராவை வைத்து அதை மறுபடியும் படித்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

உப்பளத்தில் படமெடுப்பதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. கேமராவின் ஒளிமானி எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாகவே எடுத்துக்கொள்ளும். வெள்ளை உப்பைக் காட்டினால் அழுக்குச் சாம்பலாகத்தான் படம் வரும். அது சொல்வதைவிட வெளிச்சத்தை ஒரு ஸ்டாப்போ ஒன்றரை ஸ்டாப்போ (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்) கூட்டி வைத்தால்தான் வெள்ளை வெள்ளையாக விழும். இது தெரியாமல் முதல் சில மாதங்கள் என் உப்பெல்லாம் சிமெண்டு போலவே இருந்தது.

அதைவிட எனக்குப் பிடித்தது போலரைசர் கண்ணாடி. லென்ஸுக்கு முன்னால் மாட்டித் திருகக்கூடிய ஒரு வளையம். அதை ஒரு பக்கம் திருகினால் தண்ணீரின் மேல் பளபளக்கும் வானம் மறைந்து, அடியில் கிடக்கும் உப்பின் வலைப்பின்னல் தெரியும். இன்னொரு பக்கம் திருகினால் உப்பு மறைந்து வானம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பாத்தி மாறவில்லை, நான் நகரவில்லை, விரல் கால் சுற்றுத் திரும்பியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே நிறுத்தினால் வானமும் தரையும் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். நான் பல காலைகளை அந்த நடு இடத்தைத் தேடுவதிலேயே கழித்திருக்கிறேன். க்ளிக் செய்யாமல் திருகித் திருகிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த நாட்களும் உண்டு. அந்த நாட்களில் எனக்குக் குறை எதுவும் தோன்றியதில்லை.

இதைத் தியானம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. தியானம் செய்பவர்கள் எதையோ அடக்குகிறார்கள் அல்லது எதையோ நோக்கிப் போகிறார்கள். வரப்பில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு எந்த முயற்சியும் தேவைப்படவில்லை. காற்று வந்தால் தண்ணீர் சுருங்கும், நின்றால் விரியும். வெயில் ஏற ஏற நிறம் மாறும். கண் அதன் பின்னாலேயே போகும். மணி எட்டாகி, கண் கூசத் தொடங்கும்போதுதான் நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரியும். அலுவலகத்தில் ஒவ்வொரு மணி நேரத்தையும் எண்ணி எண்ணித் தள்ளியவளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஓவியம் அந்தப் படத்திலிருந்துதான் வந்தது. ரோஜாப் பரப்பையும் சாம்பல் கோட்டையும் வண்ணத்தில் பார்க்க வேண்டும் போலிருந்தது. புதுச்சேரிக் கைக்காகிதம் வாங்கி, நீர்வண்ணத்தில் அப்படியே வரைய உட்கார்ந்தேன். வரவில்லை. படத்தைப் பார்த்து நகலெடுத்தால் வெறும் நகல்தான் வந்தது. படத்தை ஒளித்து வைத்துவிட்டு வரைந்தால் கை தானாகவே ஒரு கிடைக்கோட்டைப் போட்டு, மேலே வானம் கீழே தரை என்று பிரித்துவிட்டது. அரூப ஓவியம் என்றால் மனம்போனபடி வண்ணத்தை அப்புவது என்று நினைப்பவர்கள் ஒருமுறை தொடுவானம் இல்லாமல் ஒரு தாளை நிரப்பிப் பார்க்க வேண்டும். கைக்குள் ஊறிப்போன பழக்கம் எவ்வளவு பலமானது என்று தெரியும்.

அப்போது சென்னை போயிருந்தேன். ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைப் பார்த்தேன். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், தன் மாணவர்களோடும் சக ஓவியர்களோடும் சேர்ந்து 1966-இல் உருவாக்கிய இடம். ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாத காலம் அது. பாட்டிக் துணி போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்று, அந்த வருமானத்தில் நிலம் வாங்கி, வீடு கட்டி, தங்கள் ஓவியத்தைத் தாங்களே காப்பாற்றிக்கொண்டார்கள். பிழைப்பு ஒரு கையிலும் கலை இன்னொரு கையிலும் இருக்கலாம் என்பதை அங்கே நின்றபோது நம்ப முடிந்தது.

கே.எம். ஆதிமூலத்தை நம்மில் பலருக்கு அவருடைய கறுப்புக் கோடுகள் வழியாகத்தான் தெரியும். காந்தியை அவர் வரைந்த கோட்டோவியங்கள், பத்திரிகைகளில் வந்த படங்கள், புத்தக அட்டைகளின் எழுத்துகள். துறையூருக்குப் பக்கத்துக் கீராம்பூரில் 1938-இல் பிறந்தவர். பிற்காலத்தில் அதே கை கோட்டை விட்டுவிட்டு எண்ணெய் வண்ணத்துக்குப் போனது. அந்த ஓவியங்களில் ஒன்றின் முன்னால் நான் நின்றேன். நிலம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நிலத்தைத் தவிர வேறு எதுவுமாகவும் அது இல்லை. வெயில், மண், ஈரம் எல்லாம் வண்ணத்தின் கனத்திலேயே இருந்தன. கோடு அவ்வளவு தெரிந்தவர் கோட்டை விட்டிருக்கிறார் என்பது எனக்குத் தைரியம் கொடுத்தது.

இன்னொரு தைரியம் அச்சுதன் கூடல்லூர். கேரளத்திலிருந்து வந்து சென்னையில் பொதுப்பணித் துறையில் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே ஓவியத்துக்குள் வந்தவர், நிறத்தை மட்டும் நம்பி வரைந்தவர், 2022-இல் இறந்தார். பகலில் அலுவலகக் கோப்புகளோடு இருந்த ஒரு மனிதனால் அந்தச் சிவப்பை எட்ட முடிந்திருக்கிறது. இதை என் அலுவலகத் தோழிகள் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஓவியர் வி.எஸ். கைதொண்டேயின் பெயரையும் சொல்லாமல் இருக்க முடியாது. தன் ஓவியத்தை 'அரூபம்' என்று சொல்வதை அவர் விரும்பியதில்லை. 'பொருள் சாராதது' என்றே சொல்வார். வண்ணத்தை ரோலரால் உருட்டி, கத்தியால் வழித்து, மறுபடியும் பூசி, மறுபடியும் எடுத்து, வருடத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்கே வரைந்தார். மிச்ச நேரமெல்லாம் யோசனை, காத்திருப்பு. எங்கள் ஊர் மொழியில் சொன்னால், பாத்தியைச் சும்மா கிடக்கவிட்டவர்.

ஊருக்குத் திரும்பியதும் செய்த முதல் வேலை, அப்பாவின் அந்தக் கண்ணாடிக் குழாயை எடுத்து வரையும் மேசையில் வைத்தது. இரண்டாவது வேலை, ஈரமான தாளில் உப்பைத் தூவியது.

இது நீர்வண்ணக்காரர்களுக்குத் தெரிந்த பழைய உத்திதான். நான் ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை. ஆனால் உப்பு எங்கள் ஊர் உப்பு. வண்ணம் ஈரமாக இருக்கும்போது ஒரு கல் உப்பைப் போட்டால், அது தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரை இழுக்கும். தண்ணீரோடு வண்ணமும் நகரும். காய்ந்த பிறகு தட்டிவிட்டால் கல் இருந்த இடத்தில் வெளிறிய நட்சத்திரம் ஒன்று இருக்கும். எல்லாம் நேரத்தில் இருக்கிறது. தாள் மிக ஈரமாக இருந்தால் உப்பு கரைந்து காணாமல் போகும். காய்ந்துவிட்டால் கல் கல்லாகவே கிடக்கும். தாளின் மேல் தண்ணீர் கண்ணாடி போல் மினுங்கி, அந்த மினுக்கம் பட்டுத்துணியின் மினுக்கமாக மங்கும் ஒரு நேரம் வரும். ஒரு நிமிடமோ அதற்கும் குறைவோதான் நிற்கும். அதுதான் தாளின் இருபத்தைந்து டிகிரி. அதைப் பார்க்கத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு கோடைக்காலம் முழுவதும் ஆனது.

உப்பைப் போட்ட பிறகு நான் செய்ய எதுவும் இல்லை என்பதில்தான் சந்தோஷமே இருக்கிறது. மின்விசிறியைப் போட்டால் ஒரு பக்கமாகக் காய்ந்து கெட்டுவிடும். தூரிகையால் சரிசெய்யப் போனால் சேறாகிவிடும். நான் கெடுத்த ஓவியங்களில் பாதிக்கு மேல் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கை வைத்துக் கெட்டவைதான். இப்போதெல்லாம் தாளை மேசையில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிடுவேன். சமையல் முடித்து, சாப்பிட்டு, கண்ணயர்ந்து எழுந்து போய்ப் பார்த்தால், நான் இல்லாத நேரத்தில் தண்ணீர் கிளம்பிப் போயிருக்கும். போகும்போது தன் வழியைத் தாளில் எழுதி வைத்திருக்கும். பூஜை அறைக் கதவைத் திறப்பது போன்ற ஒரு பயத்தோடுதான் இன்றைக்கும் அந்தக் கதவைத் திறக்கிறேன்.

சிவப்புக்காகத் தேரிக்குப் போனேன். தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் பரந்து கிடக்கும் செம்மணல் மேடுகளைத் தேரி என்போம். குதிரைமொழித் தேரியைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிவப்பைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. மணல்துகளைப் போர்த்தியிருக்கும் இரும்பு ஆக்ஸைடின் நிறம் அது. கற்கால மனிதர்கள் செதுக்கிய சின்னஞ்சிறு கல்கருவிகள் இந்த மேடுகளில் கிடைத்திருக்கின்றன. ஆடிக் காற்றில் மேடு முழுக்க வரிவரியாக அலை விழும். மாலை வெயிலில் அந்த வரிகளுக்குள் நிழல் நிற்கும். லென்ஸில் பனைமரம் வராமல் பார்த்துக்கொண்டால் போதும், மணல் வெறும் கோடாகவும் நிறமாகவும் மாறிவிடும். அங்கே எடுத்த படங்களில் ஒன்றைத்தான் நான் வீட்டில் மாட்டியிருக்கிறேன்.

காயாமொழிப் பக்கம் தோழி ஒருத்தியின் பனங்காட்டிலிருந்து ஒரு டப்பா மண் கேட்டு வாங்கி வந்தேன். தண்ணீரில் போட்டுக் கையால் கசக்கினால் கனத்த மணல் உடனே அடியில் இறங்கிவிடும். மேலே நிற்கும் சிவப்புத் தண்ணீரை வேறொரு பாத்திரத்தில் வடித்து, அது தெளியும் வரை ஓரிரு நாள் விட்டு, தெளிந்த நீரை ஊற்றிவிட்டால் அடியில் வண்டல் தங்கும். அதை மறுபடி கரைத்து, மறுபடி வடித்து, கடைசியில் காயவைத்து அரைத்தால், விரலில் ஒட்டினால் கழுவியும் போகாத மென்மையான ஒரு தூள் கிடைக்கும். கருவேலம் பிசினை ஊறவைத்து அதோடு குழைத்தால் நீர்வண்ணம் தயார். ஒரு டப்பா மண்ணுக்கு ஒரு சின்னக் கிண்ணம் வண்ணம். நாலைந்து நாள் வேலை. அதிலும் பெரும்பகுதி காத்திருப்புதான். கடையில் வாங்கும் சிவப்பு இதைவிடப் பளிச்சென்று இருக்கும், உண்மைதான். ஆனால் இந்தச் சிவப்பு தாளில் ஒரே மாதிரி படியாது. கொஞ்சம் திட்டாக, கொஞ்சம் மணலாக, தனக்குத் தோன்றிய இடத்தில் தேங்கும்.

ரோஜா நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த முதல் படத்தின் நிறம் எங்கிருந்து வந்தது என்று ரொம்ப நாள் யோசித்தேன். உப்பு மிகவும் ஏறிய தண்ணீரில் பெரும்பாலான உயிர்கள் செத்துவிடும். துனாலியெல்லா என்னும் கண்ணுக்குத் தெரியாத பாசியும், உப்பை விரும்பும் சில நுண்ணுயிர்களும் செழிக்கும். வெயிலின் கொடுமையிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளப் பாசி தனக்குள் பீட்டா கரோட்டினைச் சேர்த்துவைக்கிறது. கேரட்டுக்கு நிறம் கொடுப்பதும் அதுதான். தண்ணீர் சிவந்தால் வெயிலை இன்னும் நன்றாக உள்வாங்கும், சீக்கிரம் வற்றும். பாசியை ஆர்ட்டீமியா என்னும் சின்ன உப்புநீர் இறால் தின்கிறது. அதையும் பாசியையும் பூநாரை தின்கிறது. சாம்பல் குஞ்சாகப் பொரிந்த பறவையின் இறகுக்குள் அந்த நிறம் மெதுவாக ஏறுகிறது. என் முதல் வருடத்துப் பூநாரைப் படங்களும் தவறி விழுந்த அந்தப் படமும் ஒரே நிறத்தை இரண்டு இடத்தில் பார்த்தவைதான் என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனைக்கும் அந்தப் பறவைப் படங்களை நான் ஒதுக்கி வைத்திருந்தேன். மறுநாள் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. எட்டு மணிக்குக் கண் கூசுகிறது என்று நான் வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். உப்பளத்தில் வேலை செய்பவர்கள் அதே வெளிச்சத்தில்தான் நிற்கிறார்கள். வெள்ளை உப்பில் பட்டு எழும்பும் வெயில் கண்ணைத் தின்னும். உப்புத் தண்ணீர் பாதத்தைப் பிளக்கும். மழைக்காலத்தில் பாத்தி முழுகிவிட்டால் வேலையே இல்லை. அந்த மாதங்களுக்காக அரசு ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. நான் நிறம் என்று பார்ப்பது அவர்களுக்குக் கூலி. இந்த உறுத்தலை நான் தீர்த்துவிட்டதாகச் சொல்லமாட்டேன். அது இருக்கட்டும் என்றுதான் நினைக்கிறேன்.

என்னிடம் கேள்வி கேட்ட பெண்ணை மறு வருடமும் பார்த்தேன். அதற்குள் எங்களுக்குள் பழக்கமாகியிருந்தது. அந்த ஒரு வருடத்தில் எடுத்த படங்களில் ஒன்றைப் பெரிதாகப் பிரதி போட்டு எடுத்துப் போயிருந்தேன். எனக்கு அது என் மிகச் சிறந்த அரூபப் படம். பொருள் என்று ஒன்றுமே இல்லாத, வெறும் நிறமும் கோடுமான படம் என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது. அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

"இது நம்ம மூணாம் பாத்தில்லா? தண்ணி பழசாயிட்டு. வெளிய தொறந்து விடுத நேரத்துல எடுத்திருக்கிய."

பிறகு குறுக்கே போன அந்த வெள்ளைக் கோட்டின் மேல் விரல் வைத்தார். படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். காற்று ஒதுக்கிய உப்பு நுரை என்று நானாக நினைத்திருந்தேன்.

"இது எம் பலகை போன தடம்" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. ஒரு பொருளும் இல்லை என்று நான் கொண்டாடிய படத்தில் அவருக்கு எல்லாம் இருந்தது. எந்தப் பாத்தி, எத்தனை நாள் தண்ணீர், யார் கை. பெயர் தெரிந்துவிட்டால் கண் பார்ப்பதை நிறுத்திவிடும் என்று அதுவரை நம்பியிருந்தேன். அவர் பெயரும் தெரிந்தவர், என்னைவிட நன்றாகப் பார்ப்பவரும் கூட. கண்ணாடிக் குழாய் இல்லாமலே தண்ணீரின் நிறத்தைக் கொண்டு டிகிரி சொல்லக்கூடிய கண் அது. அப்பாவுக்கும் அந்தக் கண் இருந்தது.

அன்றிலிருந்து என் வேலை மாறிவிட்டது. பாத்தியின் பெயர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். எந்த நாளில் தண்ணீர் கட்டினார்கள், எப்போது திறந்துவிட்டார்கள் என்று விசாரிக்கிறேன். ஓவியத்தின் பின்பக்கத்தில் தேதியோடு, மண் எடுத்த இடத்தையும் உப்பு எடுத்த பாத்தியையும் எழுதுகிறேன். முன்பக்கத்தில் எதுவும் மாறவில்லை. தொடுவானம் இல்லை, பறவை இல்லை. ஆனால் வரையும்போது கை இப்போது அலைவதில்லை. எதைத் தொடாமல் விட வேண்டும் என்று அதற்குத் தெரிகிறது.

அன்று பிரதியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் கேட்டார். "இதுல ஒண்ணு தருவியளாக்கா? எம் மவகிட்டக் காட்டணும். அம்ம எங்க நின்னு வேல பாக்கான்னு." அதையே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

தேரிச் சிவப்பும் உப்பும் சேர்ந்த ஓர் ஓவியத்தில் மட்டும் நான் உப்பைத் தட்டிவிடவில்லை. காய்ந்த பிறகும் கற்கள் தாளோடு ஒட்டிக்கிடந்தன, அப்படியே விட்டுவிட்டேன். சட்டமோ கண்ணாடியோ போடவில்லை. மாடி அறையில் மேசைமேல் படுக்கவைத்திருக்கிறேன். சுத்திகரிக்காத உப்பில் கொஞ்சம் மக்னீசியம் இருக்கும், அது காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று திரும்பியதும் ஓவியம் வியர்க்கத் தொடங்குகிறது. கற்கள் கலங்கி, ஓரம் கரைந்து, சிவப்பு மெல்ல நகர்கிறது. தை மாதம் காய்ந்து மறுபடியும் கட்டும்போது உப்பு வேறு இடத்தில் இருக்கும். நாலு மழைக்காலம் பார்த்துவிட்டது. ஒவ்வொரு தையிலும் அதைப் படமெடுத்து வைக்கிறேன். நாலு படத்தில் எதுவும் இன்னொன்றைப் போல் இல்லை.

நேற்று இரவு நல்ல மழை. இன்று காலையில் மாடிக்குப் போனேன். இடது பக்க மூலையில், போன தையில் கட்டிய பெரிய கல்லைச் சுற்றி ஒரு சொட்டுத் தண்ணீர் திரண்டு நின்றது. அதன் அடியில் சிவப்பு நூல் போல ஒன்று கிளம்பி, தாளின் நடுவை நோக்கி அரை விரற்கடை தூரம் வந்திருந்தது. மின்விசிறியை நிறுத்தினேன். நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி மேசைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.